யார் கணக்கில் எழுதுவது?

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு என் ஐந்து வயது மகளிடம் ஒரு வாக்கியம் சொன்னேன். அவள் ரசம் சாதத்தைத் தட்டு முழுக்கப் பரப்பி, நடுவில் விரலால் ரோடு போட்டுக்கொண்டிருந்தாள். மணி ஒன்பதரை. காலையிலிருந்து வேலையில் பெரிய பிரச்சினை. சர்வர் விழுவதும் எழுவதுமாக இருந்தது. பதினோரு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இடுப்புக்குச் சற்று மேலே, வலப்பக்கம், எனக்கு நன்றாகப் பழகிப்போன அந்த இடத்தில் யாரோ ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகுவது போல இருந்தது. "ம்மா, வந்து ஊட்டி விடு" என்றாள்.

"உன்னப் பெத்துத்தான்டி என் முதுகே போச்சு. இன்னும் என்ன வேணும் உனக்கு?" என்றேன்.

அவள் அழவில்லை. தட்டில் இருந்ததைத் தானே சாப்பிட்டு முடித்தாள். படுக்கும்போது எனக்குப் பின்னால் வந்து, நைட்டிக்கு மேலாகத் தழும்பு ஓடும் கோட்டின் மீது உள்ளங்கையை வைத்து, "நான் வயித்துக்குள்ள உதைச்சேன்ல, அதனாலயா உடைஞ்சுது?" என்று கேட்டாள்.

"இல்லடா, தூங்கு" என்றேன். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது போதும் என்று தோன்றியது. எனக்குத்தான் போதவில்லை. நான் சொன்னது உண்மையா? உண்மையாகவே இருந்தாலும் அவளிடம் சொல்லலாமா? இந்த இரண்டு கேள்விகளையும் சில மாதங்களாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

முதலில் முதுகின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையம். ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் முன் பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்கப் போனபோது, டெய்லர் அக்கா டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு தோள் எறங்கியிருக்குதுங்க்கா. தையல்ல சரி பண்ற மாதிரி இல்ல, எதுக்கும் டாக்டர்கிட்டக் காட்டிருங்க." அதுவரை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. பதின்வயதில் ஒரு பெண் எப்போது வீட்டாரிடம் வெற்று முதுகைக் காட்டுகிறாள்?

அதன் பெயர் ஸ்கோலியோசிஸ். முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து, கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொள்வது. எக்ஸ்ரேயில் வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் கோடு போட்டு இடையிலுள்ள கோணத்தை அளப்பார்கள். ஜான் காப் என்ற அமெரிக்க மருத்துவர் 1948இல் எழுதிய முறை, இன்றும் அதுதான். 10 டிகிரிக்கு மேல் என்றால் ஸ்கோலியோசிஸ். பதின்வயதினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இருக்கும். சிறிய வளைவுகள் ஆண் பெண் இருவருக்கும் ஏறக்குறைய சமமாக வருகின்றன. சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பெரிதாகும் வளைவுகள் பெண்களிடம் பல மடங்கு அதிகம். 45, 50 டிகிரியைத் தாண்டினால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். என்னுடையது 58.

பெரும்பாலானவர்களுக்கு இது ஏன் வருகிறது என்று தெரியாது. அப்படிப்பட்ட நோய்களை மருத்துவர்கள் 'இடியோபதிக்' என்பார்கள். "தெரியாது" என்பதற்குக் கிரேக்கச் சட்டை போட்டுவிட்ட சொல் என்று நினைத்திருந்தேன். பின்னர் வேர்ச்சொல்லைப் பார்த்தபோது 'இடியோஸ்' என்றால் தனக்கே உரியது, 'பாதோஸ்' என்றால் துன்பம். தனக்கே உரிய துன்பம். காரணம் தெரியாத நோய்க்கு இதைவிடச் சரியான பெயர் வைத்திருக்க முடியாது.

2004இல் கோவையில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. எனக்கு வயது 14. எங்கள் சர்ஜன் அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "கம்பி, திருகு எல்லாம் சாரம் கட்டற மாதிரிங்க. காங்கிரீட் உங்க பொண்ணோட எலும்புதான்." முதுகெலும்புகளின் மேற்பரப்பைச் சுரண்டி, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துகள்களை அதன்மேல் பரப்பி, எல்லாவற்றையும் நேராக இழுத்துத் திருகுகளாலும் இரண்டு கம்பிகளாலும் பிடித்துவைத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் எலும்பு வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதுதான் ஃபியூஷன். நெஞ்சுப் பகுதியின் நான்காவது எலும்பிலிருந்து இடுப்புப் பகுதியின் மூன்றாவது வரை, 12 எலும்புகள் எனக்கு ஒரே எலும்பாகிவிட்டன. மொத்தம் 18 திருகுகள். அதற்குக் கீழே அசையக்கூடிய மூட்டுகள் மூன்று மிச்சம். குனிவது, திரும்புவது, குழந்தையைத் தூக்குவது என்று முழு முதுகு பகிர்ந்துகொள்ள வேண்டிய வேலையின் பெரும்பங்கை அந்த மூன்றும்தான் செய்கின்றன. பன்னிரண்டு பேர் நிரந்தர லீவில் போன டீமில் மூன்று பேர்.

பள்ளிக்குத் திரும்பியபோது நான் நேராக நின்றேன், அளவுக்கு மீறி நேராக. வகுப்பில் ஒருத்தி பழைய பழக்கத்தில் 'கூனி' என்றுதான் கூப்பிட்டாள். முதுகு வளைந்த பெண்ணுக்கு நம் இலக்கியத்தில் கிடைத்த மிகப் பெரிய பாத்திரம் மந்தரை. அதற்கு நான் என்ன செய்ய?

வலி மூன்றாவது வருடத்திலேயே வந்துவிட்டது. பெரிய வலி கிடையாது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வரும், படுத்தால் அடங்கும். கல்லூரியில் டிராயிங் போர்டின் முன் குனிந்து நின்ற நாட்களில் கொஞ்சம் கூடுதல். வேலைக்குச் சேர்ந்தபின் இன்னும் கொஞ்சம். அதனோடு வாழலாம். நான் வாழ்ந்துகொண்டுதான் இருந்தேன்.

2019இல் கருவுற்றேன். ஐந்தாவது மாதத்திலிருந்து வலியின் குணம் மாறியது. ஏழாவது மாதத்தில் தூக்கம் வராத ஓர் இரவில், 2007இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரையைப் படித்தேன். கேத்தரின் விட்கம் என்ற மானுடவியலாளரும் இருவரும் எழுதியது. இரண்டு காலில் நடக்கும் உயிரினம் கருவுற்றால் எடை முன்பக்கம் சாய்கிறது. விழாமலிருக்க இடுப்பைப் பின்னோக்கி வளைக்க வேண்டும். அதற்காகப் பெண்ணின் முதுகெலும்பு பரிணாமத்திலேயே மாறியிருக்கிறது என்கிறார்கள். ஆண்களுக்கு இடுப்பு வளைவுக்கான ஆப்பு வடிவம் கடைசி இரண்டு எலும்புகளில் இருக்கிறது, பெண்களுக்கு மூன்றில். பாரம் மூன்றாகப் பிரிகிறது. லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்து இயற்கை செய்த ஏற்பாடு. அந்த மூன்றில் மேலே இருக்கும் எலும்பு எனக்குக் கம்பியோடு சேர்ந்துவிட்டது. அதை வாசித்துவிட்டு இருட்டில் சிரித்தேன். பக்கத்தில் கணவர் எழுந்து "என்னாச்சு?" என்றார். "எவல்யூஷன் எனக்காகப் பண்ண ஃபிக்ஸை யாரோ ஓவர்ரைட் பண்ணிட்டாங்க" என்றேன். அவரும் இதே தொழில்தான்.

வளைகாப்புக்கு ஊருக்குப் போனபோது மயக்க மருந்து டாக்டர் சொன்னது நினைவிலிருந்தது. முதுகில் ஊசி போட வேண்டி வந்தால் எங்கே போடலாம் என்று தெரிய, 2004 ஆபரேஷன் குறிப்பும் எக்ஸ்ரேயும் வேண்டும். மருத்துவமனையில் கேட்டால் அவ்வளவு பழைய ரெக்கார்டு இல்லை என்றார்கள். அம்மாவிடம் சொன்னேன். "டிரங்குப் பெட்டில இருக்குது அம்மணி, மேல இருக்கற சீலையெல்லாம் கலைக்காம எடு" என்றாள். மஞ்சள் பிளாஸ்டிக் உறையில் எல்லாம் இருந்தது, பஸ் டிக்கெட் முதற்கொண்டு. உறைக்குக் கீழே ஒரு நீள நோட்டு.

அது கணக்கு நோட்டு. என் ஆபரேஷனுக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அம்மாவின் கையெழுத்தில் இருந்தது. பெரிய மாமா, ஈரோட்டுச் சித்தி, அப்பா வேலை செய்த மில்லில் நான்கு பேர், நகைக்கடை அடகு, சொசைட்டி லோன். ஒவ்வொரு வரியும் திருப்பிக் கொடுத்த தேதியோடு குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. கடைசி வரி அடிக்கப்பட்டது 2012இல். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்த சமயம். அந்த வருடம் நான் ஸ்கூட்டர் வாங்கினேன். இப்படியொரு கடன் ஓடிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாது.

ஜனவரி 2020இல் மகள் பிறந்தாள். சிசேரியன். தமிழ்நாட்டில் இது செய்தியே இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நூறு பிரசவத்தில் 45 அப்படித்தான். முதுகில் கம்பி இருந்தாலே சிசேரியன்தான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், அப்படி விதி ஏதுமில்லை. கடைசி நேரத்தில் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கியதால் அந்த முடிவு. மயக்க மருந்து டாக்டர் பழைய எக்ஸ்ரேயைப் பார்த்து, பிறகு என் முதுகில் கட்டைவிரலால் எண்ணிக்கொண்டே இறங்கி, கம்பி முடிந்த இடத்துக்குக் கீழே ஊசி போட்டார். அம்மா பதினைந்து வருடம் பாதுகாத்த ஒரு காகிதத்தால் அந்தக் கட்டைவிரலுக்கு வழி தெரிந்தது.

பிரசவத்துக்குப் பிறகு வலி பழைய அளவுக்குத் திரும்பவில்லை. ஆறு வருடமாகிறது.

*

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். அவளைப் பெற்றதால்தான் முதுகு போனதா?

நான் பிழைப்புக்குச் செய்யும் வேலையில் 'கிட் பிளேம்' என்று ஒரு கட்டளை உண்டு. புரோகிராமில் எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்று சொல்லிவிடும். பெயரிலேயே குற்றம் சாட்டும் தொனி இருந்தாலும் பெரும்பாலும் அது காட்டிக்கொடுப்பது நம்மைத்தான். உடம்புக்கு அப்படி ஒரு கட்டளை இல்லை. என் முதுகு விஷயத்தில் சந்தேகத்துக்குரியவர்கள் ஏகப்பட்ட பேர். கம்பி. பாரம் தாங்கும் மூன்று மூட்டுகள். கர்ப்பம். முதுகில் போட்ட ஊசி (இதுதான் குற்றவாளி என்று எங்கள் தெருவே சத்தியம் செய்யும், ஆனால் ஆய்வுகள் அந்த ஊசி நீண்டகால முதுகுவலிக்குக் காரணம் என்று காட்டவில்லை). குழந்தையை எப்போதும் இடது இடுப்பில் வைத்தது. 26 வார விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய நேரத்தில் ஊரடங்கு என்பதால் ஒன்றரை வருடம் டைனிங் டேபிள் நாற்காலியில் உட்கார்ந்து கோட் எழுதியது. வயது.

ஆய்வுகளைத் தேடினேன். ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில், பதின்வயதில் ஸ்கோலியோசிஸுக்குச் சிகிச்சை பெற்ற பெண்களைச் சுமார் 22 வருடம் கழித்துப் பரிசோதித்திருக்கிறார்கள். 2001இல் வெளிவந்தது. கர்ப்பத்தால் வளைவு கூடியதாகத் தெரியவில்லை. ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் மற்றவர்களைப் போலவே பிள்ளை பெற்றிருக்கிறார்கள். இன்னொன்று அமெரிக்காவின் அயோவாவில் நடந்தது. இவர்கள் எந்தச் சிகிச்சையும் செய்துகொள்ளாமல் வளைவோடே வாழ்ந்தவர்கள். ஐம்பது வருடம் தொடர்ந்து பார்த்து 2003இல் எழுதினார்கள். நாள்பட்ட முதுகுவலி அவர்களில் 61 சதவீதம் பேருக்கு இருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட நேரான முதுகுக்காரர்களில் 35 சதவீதம் பேருக்கு.

இந்த 35 என்னை நிறுத்திவைத்தது. வளைவில்லை, கம்பியில்லை, இருந்தும் மூன்றில் ஒருவருக்கு மேல் வலிக்கிறது. நான் அந்த மூன்றில் ஒருத்தியாகவே பிறந்திருக்கலாம். ஆபரேஷன் செய்யாமல் விட்டிருந்தால் அந்த 61இல் ஒருத்தியாக இருந்திருக்கலாம். குழந்தை பெறாமல் இருந்திருந்தாலும் 35 வயதில் இதே இடத்தில் இதே ஸ்க்ரூ டிரைவர் இருந்திருக்கலாம். ஆய்வுகள் ஆயிரம் முதுகுகளைப் பற்றிப் பேசும், என் ஒரு முதுகைப் பற்றி வாய் திறக்காது. இன்னொரு நானை வைத்து அருகருகே ஓட்டிப் பார்க்க வழியில்லை.

ஆக, மகளிடம் நான் நீட்டிய பில்லுக்கு ஆதாரம் கிடையாது. கோர்ட்டாக இருந்தால் இங்கேயே கேஸ் தள்ளுபடி. ஆனால் மனசு கோர்ட் இல்லையே. ஆதாரம் இருந்திருந்தால்? எட்டாவது மாதத்தில் அவள் எடையால்தான் அந்தக் குறிப்பிட்ட மூட்டு தேய்ந்தது என்று ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்திருந்தால், அப்போது அவள் எனக்குக் கடன்பட்டவளா?

தமிழில் வளர்ந்த எவருக்கும் இதன் பதில் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும். பத்து மாதம் சுமந்து பெற்றவள். சினிமாவில் பாதிச் சண்டைகளை இந்த ஒரு வாக்கியத்தால் முடித்துவிடலாம். தாய் பட்ட துன்பத்தைப் பற்றித் தமிழில் ஆகப் பிரபலமான பாடல்கள் பட்டினத்தார் பாடியவை, அன்னையின் சிதைக்குத் தீ மூட்டும்போது. அவற்றைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருந்தும் ஒரு விஷயம் சமீபத்தில்தான் உறைத்தது. அங்கே கணக்கைப் படிப்பவன் மகன். அதுவும் எல்லாவற்றையும் துறந்த மகன். அவள் எதையும் கேட்டதாகப் பாட்டில் இல்லை. அவனாக நினைத்து நினைத்து அழுகிறான். நாம் அதே கணக்கை எடுத்துப் பெற்றவள் கையில் கொடுத்து வசூலுக்கு அனுப்பிவிட்டோம்.

அதைவிடப் பழையது புறநானூற்றில் பொன்முடியார் பாட்டு. பெற்று வளர்த்துத் தருவது தாய்க்குக் கடன் என்று தொடங்கி, தந்தைக்கு, கொல்லனுக்கு, வேந்தனுக்கு, கடைசியில் மகனுக்கு என்று ஒவ்வொருவரின் கடனையும் அந்தப் பாட்டு வரிசைப்படுத்துகிறது. மகனுக்குப் போர்க்களத்தில் வேலை கொடுத்துவிடுவதால் எனக்கு அந்தப் பாட்டோடு சண்டை உண்டு. ஆனால் அந்தச் சொல்லைப் பாருங்கள். அங்கே கடன் என்றால் ஒருவர் செய்ய வேண்டிய கடமை. தாயின் கடன் தாயினுடையது, அவள்தான் செய்ய வேண்டும். இன்று கடன் என்றால் நாம் அடுத்தவரிடமிருந்து வாங்க வேண்டிய பாக்கி, அல்லது கொடுக்க வேண்டிய பாக்கி. ஒரே சொல் கைமாறிவிட்டது.

ஜேன் இங்கிலிஷ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி, வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்றொரு சிறிய கட்டுரை எழுதினார். 1978இல் மேட்டர்ஹார்ன் மலையேற்றத்தில் இறந்துபோனார், வயது 31. கட்டுரை அடுத்த வருடம் அச்சானது. அவருடைய பதில்: எதுவுமில்லை. படித்தவுடன் எரிச்சலாக வரும், எனக்கும் வந்தது. ஆனால் வாதம் நிதானமானது. நம்மூர் உதாரணத்தில் சொன்னால், மொய் நோட்டில் எழுதுவது கடன். நீ என் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆயிரம் எழுதினால் உன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் எழுத வேண்டும், எழுதியபின் கணக்கு முடிந்தது. கேட்டு வாங்கிய உதவிக்கு அப்படி ஒரு கணக்கு உண்டு. நட்பில் அப்படி இல்லை. நண்பனுக்கு ஜுரம் என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்கிறோம். அவன் முன்பு கொடுத்த கஞ்சிக்குப் பதிலாக என்று யாராவது கொடுத்தால் அதுவே நட்பு முடிந்ததற்கு அடையாளம். பெற்றோருக்குப் பிள்ளைகள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, ஆனால் அது இப்போது இருக்கும் பிரியத்திலிருந்து வருவது, பழைய பாக்கியிலிருந்து வருவதில்லை என்கிறார் ஜேன் இங்கிலிஷ்.

அம்மாவின் நோட்டில் மாமா இருந்தார், சித்தி இருந்தார், மில்காரர்கள் இருந்தார்கள். என் பெயர் எங்கேயும் இல்லை.

இங்கே அம்மாவைத் தெய்வமாக்கி முடித்துவிடத் தோன்றுகிறது. அது பொய். அவளும் ஒருமுறை பில்லை நீட்டினாள். எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது ஆபரேஷனைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றாள். "உன்ன நேரா நிக்க வெக்க நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இதையாவது நாஞ் சொல்றபடி கேளு." கழுத்தை ஒட்டி மூடிய ஜாக்கெட் தைத்தார்கள், அதே டெய்லர் அக்கா. இரண்டு இடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது இடத்தில் தனியாகப் பேச விட்டபோது சொல்லிவிட்டேன். "வலிக்குமா?" என்று மட்டும் கேட்டார். அவர்தான் இப்போது பக்கத்து அறையில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறார்.

நானும் அம்மாவிடம் பதிலுக்கு ஒன்று நீட்டியிருக்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு சண்டையில், "ஆபரேஷன் பண்ணச் சொல்லி நான் கேட்டனா? நீங்க கையெழுத்துப் போட்டதுக்கு நான் வலிச்சுட்டுக் கெடக்கறேன்" என்றேன். அது ஒருவகையில் உண்மை. சர்ஜன் எல்லாவற்றையும் என் தலைக்கு மேலாக அப்பா அம்மாவிடம்தான் பேசினார். என்னிடம் எந்தக் கையில் ஊசி போடலாம் என்று மட்டும் கேட்டார்கள். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விட்டிருந்தா என்னாயிருக்கும்னு எனக்கும் தெரியாது சாமி" என்றாள். பெரிய வளைவுகள் வளர்ச்சி நின்ற பிறகும் ஆண்டுக்குச் சுமார் ஒரு டிகிரி கூடக்கூடியவை. அப்படிக் கூடியிருந்தால் இன்று எனக்கு எண்பதை நெருங்கியிருக்கும். அல்லது கூடாமலே நின்றிருக்கும். தெரியாத ஒன்றுக்கு யாரோ ஒருவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, அவள் போட்டாள்.

*

இந்த மூன்று வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அம்மா எனக்குச் சொன்னது, நான் அம்மாவுக்குச் சொன்னது, நான் மகளுக்குச் சொன்னது. எதுவுமே வலியைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவுக்கு வேண்டியது என் வாய் மூடியிருப்பது. எனக்கு வேண்டியது சண்டையில் ஜெயிப்பது. அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு வேண்டியது ஐந்து நிமிடம் எழுந்திருக்காமல் இருப்பது. ஐந்து நிமிடம்தான். அதற்குப் போய் ஒரு பிறப்பையே அடமானம் வைத்தேன்.

"அம்மாவுக்கு முதுகு வலிக்குதுடா, எந்திரிக்க முடியல, நீயே சாப்பிடு" என்று ஏன் சொல்லவில்லை? இதை யோசித்தபோது ஒரு சின்ன விஷயம் நினைவுக்கு வந்தது.

கர்ப்பத்துக்கு முன் ஆபீஸில் முதுகுக்கு ஏற்ற நாற்காலி கேட்டிருந்தேன். மூன்று மெயில், ஒரு மருத்துவச் சான்றிதழ், "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க" என்று ஒரு சிரிப்பு. நாற்காலி வரவில்லை. கர்ப்பம் வெளியே தெரிய ஆரம்பித்த வாரம் கேட்காமலே வந்தது. பஸ்ஸில் பதினைந்து வருடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே கம்பியோடு நின்றிருக்கிறேன், ஒருவரும் எழுந்ததில்லை. வயிறு தெரிந்ததும் எழுந்தார்கள். அதே முதுகு, அதே இடம். வலி கொஞ்சம் கூடியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் இப்போது அது இன்னொருவருக்காகப் படும் வலி. குழந்தை பிறந்ததும் அந்தச் சலுகை முடிந்துவிட்டது, வலி முடியவில்லை. மாமியார் நல்லவர். அவரிடம்கூட "முதுகு வலிக்குதுங்க அத்தை" என்றால் "எனக்கும்தான்" என்பார். "பிரசவத்துக்கு அப்புறம் முதுகு ரொம்ப வலிக்குதுங்க அத்தை" என்றால் தைலம் எடுத்து வருவார்.

எலைன் ஸ்கேரி 1985இல் வலியைப் பற்றி எழுதிய நூலில் ஒரு புகழ்பெற்ற அவதானிப்பு உண்டு. வலி உள்ளவருக்கு அதைவிட நிச்சயமானது எதுவுமில்லை, கேட்பவருக்கு அதைவிடச் சந்தேகத்துக்குரியதும் எதுவுமில்லை என்ற பொருளில் சொல்லியிருப்பார். வலியை ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்றால் அதை மதிக்க வேண்டும் என்றொரு குறிப்பைத் தனியாகச் சேர்த்தது. மதிக்கப்படாமல் இருந்ததால்தானே எழுத வேண்டி வந்தது. ஆண்களின் கதை வேறாக இருக்கலாம், எனக்குத் தெரிந்த பெண்களின் வலிக்கு ஒரு மேல்விலாசம் வேண்டியிருக்கிறது. யாருக்காகப் பட்டது என்று எழுதியிருந்தால்தான் அது போய்ச் சேரும். யாருக்காகவும் படாத வலி, தானே வந்து தானே இருக்கும் வலி, இடியோபதிக் வலி, திரும்பி வந்துவிடும். அதனால் நான் என் வலியை மகள் பெயரில் பதிவு செய்துவைத்திருந்தேன். ஆறு வருடமாக எல்லோரிடமும் அப்படியே சொல்லியும் வந்தேன். அவளிடமே சொல்லும் நாள் வரும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அந்தப் பதிவை அழிப்பதில் எனக்கு நஷ்டம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. தைலம் வராது. "எனக்கும்தான்" என்ற பதில் வரும். பிரசவ வலிக்குக் கிடைக்கும் அந்தக் கொஞ்சம் மரியாதையை விட்டுவிட்டு, வெறும் முதுகுவலிக்காரியாக நிற்க வேண்டும். நான் இன்னும் முழுதாக விட்டுவிடவில்லை. போன வாரம் ஒரு மீட்டிங்கில் கேமராவை அணைத்துப் படுத்துக்கொள்ள அனுமதி கேட்டபோது, என்னையறியாமல் "ஆஃப்டர் டெலிவரி..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன். "முதுகு வலிக்குது" என்றேன். இரண்டு நொடி மௌனம். பிறகு "ஓகே" என்றார் மேனேஜர்.

ஒன்று மிச்சமிருக்கிறது. இந்த வளைவு குடும்பத்தில் வரக்கூடியது. தாய்க்கு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது அவளை இரண்டு கையையும் கூப்பிக் குனியச் சொல்லி, பின்னால் நின்று முதுகின் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஆடம்ஸ் என்ற லண்டன் மருத்துவர் சொன்ன சோதனை, இன்றும் இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. இப்போதைக்குச் சமமாக இருக்கிறது. இது பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பிரேஸ் போட்டுப் பார்க்கலாம். 2013இல் வந்த அமெரிக்க, கனடிய ஆய்வில் பிரேஸ் அணிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு ஆபரேஷன் அளவை எட்டவில்லை, அணியாதவர்களில் 48 சதவீதம். நாளைக்கு அதிக நேரம் போட்டவர்களுக்கு அதிகப் பலன். அவளுக்கு வந்தால் நான் போடச் சொல்வேன். அவள் வெறுப்பாள். அதைத் தாண்டியும் போனால் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவேன். இருபது வருடம் கழித்து அவள் வந்து "நான் கேட்டனா?" என்பாள். எனக்கும் என் அம்மா சொன்னதைத் தவிர வேறு பதில் இருக்காது. ஒரே ஒரு மாற்றம், சர்ஜன் பேசும்போது அவளும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன மாதம் மஞ்சள் உறையை எடுத்து, 2004 எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவளுக்குக் காட்டினேன். திருகுகளை எண்ணினாள். பதினேழு வந்தது. மறுபடி எண்ணினாள், அப்போதும் பதினேழு. ஒன்று கம்பிக்குப் பின்னால் மறைந்திருக்கிறது என்றேன்.

"இத யாரு போட்டா?"

"டாக்டர்."

"நான் அப்ப எங்க இருந்தேன்?"

"நீ அப்ப பொறக்கவே இல்ல."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நான் உதைக்கல."

"இல்ல."

"இப்ப வலிக்குதா?"

"ம், வலிக்குது."

"சரி" என்று சொல்லிவிட்டு, அடுத்த எக்ஸ்ரேயைக் காட்டச் சொன்னாள்.